பொத்தான் அக்காவின் தொடர்கதை

சாப்பாட்டு மணி அடித்ததும் பொத்தான் அக்கா வாரப் பத்திரிகையைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் டப்பாவைத் திறந்துகொண்டு சுற்றி உட்காருவோம். மாமியாருக்கு ஒரு குரல், வக்கீலுக்கு ஒரு குரல். அவர் தொடர்கதை வாசித்தால் தையல் யூனிட்டே வாயைப் பிளந்துகொண்டிருக்கும். யாராவது எட்டிப் பார்த்தால் போதும், "தள்ளிப் போடி, மூச்சு முட்டுது" என்று பத்திரிகையை மூடிவிடுவார்.

சட்டைக்குப் பொத்தான் வைப்பது அவர் வேலை. கண் எங்கோ இருக்கும், கை தானாக ஓடும். பழக்கம் என்றுதான் நினைத்தோம்.

இந்த வாரத்தோடு பத்திரிகை அச்சில் வருவது நின்றுவிடுமாம். இனிமேல் டேப்லெட்டில்தான் படிக்க வேண்டுமாம். வாங்கப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். "நீதான் யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டே. வா."

கடைக்காரர் சின்னதாகச் சிலவற்றை எடுத்து வைத்தார். நிறம், எடை, சார்ஜ் எதையும் அக்கா கேட்கவில்லை.

"எழுத்து எவ்வளவு பெருசாகும்?"

கடைக்காரர் விரலால் விரித்துக் காட்டினார்.

"இன்னும்."

"இதுக்கு மேல போனா ஒரு வார்த்தைதான்க்கா நிக்கும்."

"நிக்கட்டும்."

அக்கா திரையை மூக்கோடு ஒட்டிவைத்து, "கத...வு" என்று படித்தார்.

"அக்கா, உங்க கண்ணு..."

நறுக்கென்று கிள்ளினார். "சூப்பர்வைசர் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். மூச்சு விடாதே."

அப்படியானால் இத்தனை நாளும் எதைப் பார்த்து வாசித்தார்?

"நீங்க படிக்கவே வேணாம்க்கா, இதுவே வாசிக்கும்" என்று கடைக்காரர் இந்த வார இதழைத் திறந்து எதையோ தட்டினார். ஒரு குரல் எங்கள் தொடர்கதையை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. மருமகள் மாமியாரோடு சிரித்துப் பேசியபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆடிப்போய்விட்டேன். அந்த மருமகள் போன மாதமே ரயிலில் அடிபட்டுச் செத்துவிட்டாள். அன்று எங்களில் ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் விம்மி விம்மி அழுதாள்.

"அவ சாகலையாக்கா?"

"நான்தான் கொன்னேன்" என்றார் அக்கா. "எழுத்தெல்லாம் புகை மாதிரி போயிடுச்சு. நீங்க என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் என்னடி பண்ணுவேன்?"

குரல் நிற்கவில்லை. மருமகள் இப்போது உள்ளே போய்க் காப்பி கலந்தாள்.

"தம்பி, பேசாததா ஒண்ணு எடுங்க" என்ற அக்கா, சத்தம் வரும் ஓட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார்.