ஒற்றைச் சொக்ஸ் போட்ட பிள்ளை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எழுத்து என்றால் எனக்கு மெசேஜ் மட்டும்தான். ஆனால் மூன்று கிழமையாக அந்தப் படிக்கட்டு என்னை விடுவதாக இல்லை.

ஒஸ்லோவில், குறொன்லாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு சின்ன ஹோட்டலில் வேலை செய்கிறேன். முதலாளி ஒரு போர்த்துக்கீச அம்மா, எழுபது தாண்டியவர். போர்ட்டோவிலும் அவருக்கு இதே மாதிரி ஒன்று இருக்கிறது. வேலை கேட்டுப் போன அன்று, எங்கள் வீட்டில் கதிரை, அலுமாரி, குசினி, பாண் என்றுதான் சொல்வோம், எல்லாம் எங்கள் ஊரை ஆண்ட உங்கள் ஆட்கள் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று அளந்தேன். சிரித்துவிட்டு நாளைக்கே வரச் சொன்னார். என் தகுதி அவ்வளவுதான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. வருகிறவர் கையில் உடனே சாவியை நீட்டக்கூடாது. அவரை இருத்தி, சின்னக் கிளாஸில் போர்ட் வைன் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை வீட்டைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல இருந்ததோ படிக்கட்டுச் சுவரில் பதித்த டைல்ஸ் கதை மட்டும். நீலமும் வெள்ளையுமானவை, முதலாளி அம்மா பிறந்து வளர்ந்த வீட்டை இடித்தபோது கழற்றிக் கொண்டுவந்தவை. அதையே ஐம்பது தரம் சொன்னால் எவனுக்கும் அலுக்கும். ஒரு நாள் சும்மா ஒரு பேயைச் சேர்த்தேன்.

பேய்க்கு ஓர் உருவம் வேண்டுமே. என் தங்கச்சியை எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயது. நகரத்து ஓரம் ரொம்மனில் எங்கள் வீட்டுக்குள் ஒரு காலில் சொக்ஸ், மறு கால் வெறுங்கால் என்று ஓடித் திரிவாள். டைல்ஸோடு அப்படி ஒரு பிள்ளையும் வந்துவிட்டது, பின்னேரங்களில் படியில் ஒரு காலடி சத்தமாகவும் மற்றது மெதுவாகவும் கேட்கும் என்று அவிழ்த்துவிட்டேன். விருந்தாளிகளுக்கு நல்ல சந்தோஷம். தங்களுக்கும் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். குசினியில் சமைக்கிற என் சிநேகிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு ஒரு நாள் முதலாளி அம்மா என் முன்னால் வந்து இருந்தார். ஹோட்டலை மகனிடம் கொடுத்துவிட்டுப் போர்ட்டோவுக்கே போய்விட இருந்தவர். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

"எந்தக் காலிலை சொக்ஸ்?" என்று இந்த ஊர்ப் பாஷையில் மெல்லக் கேட்டார்.

என் வாய் சும்மா இருக்காது. "இடது."

"என்ரை அக்கா," என்றார்.

அவளும் இடது காலில் மட்டும் போட்டுக்கொண்டு ஓடித் திரிவாளாம், ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவளாம். பயணம் அன்றோடு நின்றது. ஒவ்வொரு பின்னேரமும் படியடியில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சாப்பாடும் அங்கேதான், பாதி மிஞ்சும். "இண்டைக்கு வந்தவளோ?" என்று என்னைக் கேட்பார். "இன்னும் இல்லை" என்பேன். மகன் ஃபோனில் கத்துவது எனக்கே கேட்கும்.

அதைவிடக் கேவலம், எனக்கும் காலடி கேட்கத் தொடங்கியது. வீட்டில் தங்கச்சி ஓடினால், "மற்றதையும் போடடி!" என்று கத்துகிறேன்.

"உனக்கென்ன, பேய் பிடிச்சிட்டுதோ?" என்கிறாள்.

நேற்று மத்தியானம் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அது பேய் இல்லை. என்ரை தங்கச்சி. நான் பொய் சொல்லிப்போட்டன்."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் கையை நீட்டிச் சுவர் டைல்ஸைத் தடவினார்.

"தங்கச்சி உயிரோடை இருக்கிறாளோ?"

"ஓம்."

"அப்ப சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா. ஒருக்கா ஏறி இறங்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறன். கேட்டிட்டு ஊருக்குப் போயிடுவன்." எழும்பிப் போனவர் திரும்பிப் பார்த்தார். "ஒற்றைச் சொக்ஸோடை."

நான் நேரே குசினிக்குப் போனேன். சிநேகிதன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொல்லி, "என்ன மச்சான், கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டேன்.

கத்தி நின்றது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"கூட்டிக்கொண்டு வா, ஏறேக்கை ஒராள்தானே, இறங்கேக்கை எத்தினை பேர் எண்டு எண்ணிக்கொண்டு நில்."