கிரகச் செய்தி மடலின் இரண்டாம் பக்கம்

கிரகங்களை ஆராய்கிறவர்களுக்கு வேலைவாய்ப்புச் செய்தி சேகரித்துக் கொடுப்பது ஒரு விசித்திரமான கடை: வாசலில் வாடிக்கையாளர் நிற்பார்கள், உள்ளே சரக்கு இருக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்துப் பல வருஷம் திருவனந்தபுரத்தில் அந்தக் கடையை நான் நடத்தினேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, வருந்துகிறோம்' என்று எப்போதாவது கடிதம் வாங்கியவர் நீங்கள் என்றால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், நானும் அந்த வரிசைதான். கிரகம் என்றதும் 'ஜாதகம் பார்ப்பேளா மாமி' என்று கேட்டவர்களைப் பற்றி எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும். அவர்களை விட்டுவிடுகிறேன்.

கடை திறந்த கதை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிரக ஆய்வுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நீள அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம், மழைக்காலத்தில் ஈரம் பூக்கும் சுவர், நாற்காலிக்கு ஒரு ஆள். தலைவர் குறுப்பு சார் மலையாளி. எங்களோடு பழகிப் பழகித் தமிழும் மலையாளமும் சேர்ந்த ஒரு சொந்த பாஷை வைத்திருந்தார். அப்போது இ-மெயில் வந்த புதிது. அது வந்து சேரும் கம்ப்யூட்டர் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஒரே தகுதியால் நான் செய்தி மடலுக்கு ஆசிரியை ஆனேன்.

மடலுக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் செய்தி: எந்த நாடு எந்தக் கிரகத்துக்குக் கலம் அனுப்புகிறது, எங்கே கருத்தரங்கு, வியாழனின் நிலவில் புதிதாக என்ன கண்டார்கள். இரண்டாம் பக்கத்தில் வேலை, உதவித்தொகை. முதல் பக்கத்துக்குத்தான் நான் மண்டையை உடைத்துக்கொள்வேன். கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இரண்டையும் அடுத்தடுத்துக் குத்தி வைத்தால், வருகிறவர்கள் நேராக இரண்டாவதன் முன்னால் போய் நிற்பார்கள். ஒரு மாதம் வேண்டுமென்றே, சனியின் வளையங்கள் காணாமல் போய்விட்டன என்று முதல் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சனியின் வளையத்தையே ஆராய்கிறவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. குறுப்பு சாரிடம் போய் முறையிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்குப் போய் சங்கடப்படணுமா? வயிறு நெறைஞ்சாத்தான் மனுஷன் ஆகாசம் பாப்பான், கேட்டோ."

ஓட்டை

ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. பிளேடு வைத்து அழகாக நறுக்கி எடுத்திருந்தார்கள். குளிர் தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பனி மூடிய நிலவுகளை ஆராய ஒரு இடம் என்ற விளம்பரம். எடுத்தவருக்கு வேலை மேல் ஆசை என்பதைவிட, மற்றவர் கண்ணில் படக் கூடாது என்பதே முக்கியம் போலிருக்கிறது. மறுபடி அச்சடித்து ஒட்டினேன். மறுபடி ஓட்டை.

அந்த ஓட்டையின் முன் ரொம்ப நேரம் நின்றவள் கோமதி. செவ்வாயின் மேல்மண்டலக் காற்றை ஆராய வந்த பெண். ஆரியசாலையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் சுப்பையா பிள்ளையின் மகள். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். உதவித்தொகை முடிவதற்குள் பட்டம் வாங்க வேண்டும், வயது வரம்பு தாண்டுவதற்குள் நிரந்தர வேலை வாங்க வேண்டும். இந்த இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் பஸ் ஏறி வந்தாள். மாதம் பிறந்தால் மடலை அச்சடிக்கும்போதே என் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு ஒன்றும் இல்லாத மாதங்களில் எனக்கு விரல் மெதுவாகத்தான் ஓடும்.

ஓட்டையைப் பார்த்து எல்லோரும் ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் வலியசாலைத் தெருவிலேயே எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பாலு வந்தான். சனியின் வளையத்தை ஆராய்கிறவன் என்று மேலே சொன்னேனே, அவன்தான். கொஞ்ச நேரம் ஓட்டையையே பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமி, இனிமே வெறும் ஓட்டையை மட்டும் ஒட்டி வையுங்கோ. அதுலே என்ன இருந்திருக்கும்னு நெனைச்சுண்டே ஒரு மாசம் சந்தோஷமா இருந்துடுவோம்."

ஒன்பதரை மணி

எங்கள் தொழிலில் கடிகாரம் வேறு. உலகத்தில் எந்தத் தொலைநோக்கியில் எடுத்த கணக்கானாலும் கிரீன்விச் நேரத்தில்தான் எழுதுவோம். ஆளுக்கு ஆள் ஊருக்கு ஊர் எழுதினால் குழப்பம். நம் ஊர் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் போகும். பாலு இதில் தீவிரவாதி. கையில் கட்டும் வாட்சையே கிரீன்விச் நேரத்துக்கு வைத்திருந்தான். 'மணி என்ன' என்று பஸ் ஸ்டாப்பில் யாராவது கேட்டால் பார்த்து, ஐந்தரையைக் கூட்டிச் சொல்வான்.

ஆஸ்திரேலியாவில் ஒரு இடத்துக்கு அவன் விண்ணப்பித்திருந்தான். வீட்டுக்கு டெலிபோன் செய்து பேட்டி எடுப்போம் என்று பதில் வந்தது. காலை ஒன்பதரை மணி என்று போட்டிருந்தது. நல்ல மனிதர்கள், நம் நேரத்தை விசாரித்து எழுதியிருக்கிறார்கள். நீங்களும் நானும் ஒன்பதரைக்கு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பாலு அதைக் கிரீன்விச் நேரமாகவே படித்தான். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் போன் என்று முடிவு கட்டி, காலையில் பையை எடுத்துக்கொண்டு சாலைக் கடைவீதிக்குக் காய் வாங்கப் போய்விட்டான். போன் ஒன்பதரைக்கு அடித்தது. எடுத்தது அவன் அம்மா.

மூன்று மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழைதான் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது அம்மா ஞாபகம் வந்தவளாகச் சொன்னாளாம்: "கார்த்தால யாரோ நாலு பேர் போன்லே பேசினாடா. பாவம், ஒவ்வொருத்தரா பேர் சொன்னா. நீ கத்திரிக்கா வாங்கப் போயிருக்கேன்னு சொன்னேன், தேங்க்யூன்னா."

பாதி ஷட்டர்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பிய கலம் வழியில் பேச்சை நிறுத்திவிட்டால், அதை நம்பி இருந்தவர் வீட்டுக்கு மற்றவர்கள் போவோம். ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டோம். சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

வேறொரு நாடு செவ்வாய்க்கு அனுப்பிய கலம் ஒன்றின் தகவலை வைத்துத்தான் கோமதி தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுத வேண்டும். பல மாதம் போய், கிட்டத்தில் நெருங்கும்போது அது மௌனமாகிவிட்டது. காத்திருந்து பார்த்தார்கள். பிறகு கைவிட்டார்கள். அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் நான்தான் அடித்தேன். அந்த மாதம் முதல் பக்கத்தைப் படித்த ஒரே ஆள் அவள். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை.

சாயங்காலம் குறுப்பு சார், பாலு, நான் மூவரும் ஆரியசாலைக்குப் போனோம். கீழே கடை, மாடியில் வீடு. மூட்டைகளுக்கு நடுவில் வழி தேடி, மூன்று பேர் பேசாமல் வரிசையாக வருவதைப் பார்த்ததும் சுப்பையா பிள்ளை கல்லாவை விட்டு எழுந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கடை ஆளுக்குக் கண் காட்டினார். அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். துக்கம் நடந்த கடைக்கு அப்படித்தான் செய்வார்கள். போனது யார் என்று அவர் மெதுவாக விசாரித்தபோது குறுப்பு சார் விஷயத்தைச் சொன்னார். பிள்ளை அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் தானே போய் ஷட்டரைத் தடதடவென்று மேலே தள்ளினார்.

"லாரி வழியில கவுந்தா நாங்க அழுதுகிட்டா இருக்கோம்? அடுத்த லோடு எப்பம்னு கேப்போம். உங்களுக்கு அடுத்த லோடு எப்பம்?" என்றார். பூமியும் செவ்வாயும் மறுபடி கிட்டத்தில் வந்தால்தான் கிளம்ப முடியும், அதற்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், போய்ச் சேர இன்னும் பல மாதம் என்றார் குறுப்பு சார். மாடிப்படியில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். பிள்ளை அவளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக் கேட்டார். "அதுவரைக்கும் கடைய எப்படி நடத்துவீக?"

வயது வரம்பு

அடுத்த வருஷம் எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு நிரந்தர இடம் விழுந்தது. செவ்வாயின் காற்றை ஆராய்கிறவர் வேண்டும். விளம்பரத்தை அடிக்கும்போது எனக்குச் சந்தோஷத்தில் விரல் வேகமாக ஓடியது. பட்டம் முடித்திருக்க வேண்டும் என்ற வரி வந்ததும் கை நின்றது. கோமதிக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி. பழைய கணக்குகளை வைத்தே அதை ஒப்பேற்றி அவள் பட்டம் வாங்குவதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது. அடுத்த இடம் வந்தபோது பட்டம் இருந்தது, வயது வரம்பு தாண்டியிருந்தது. அதிகம் இல்லை, சில மாதம்தான். வகுப்பில் முதலாவதாக வந்த பெண், உடம்பில் ஒரு நோவு இல்லை, வேலையில் ஒரு தவறு இல்லை. செவ்வாய் கிட்டத்தில் வரத் தாமதமானதற்கு அவள் என்ன செய்வாள் என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குறுப்பு சார் அன்று நிர்வாக அலுவலகத்துக்கு மாடியேறிப் போனார். கலம் தொலைந்ததையும், ஆய்வேடு தாமதமானதையும், கிரகங்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதையும் பேப்பரில் வட்டம் போட்டு விளக்கியிருக்கிறார். அதிகாரி கெட்டவர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, வட்டங்களை எல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னாராம்: "மனசிலாச்சு சார். ஆனா கிரகம் பக்கத்துல வர்ற வரைக்கும் வயச நிறுத்தி வைக்க ரூல் இல்லியே."

மாதம் ஒரு வரி

கோமதி ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம், குளிரூட்டிய பஸ். அவளைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நானாக இருந்தால் முன்னாடியே போயிருப்பேன். அவள் இருந்த நாற்காலியில் புதிய ஆள் வரவில்லை. பாலு அதில் தன் டிபன் பாத்திரத்தை வைக்க ஆரம்பித்தான்.

அதற்குள் மடல் இ-மெயிலிலேயே போக ஆரம்பித்திருந்தது. கோமதியின் பெயரை எடுத்துவிடலாமா என்று பாலு கேட்டபோது, 'இருக்கட்டும்' என்றேன். அனுப்பிய அன்றே அவளிடமிருந்து பதில் வரும். செவ்வாயைப் பற்றி விசாரிக்க மாட்டாள், கம்பெனியைப் பற்றிச் சொல்ல மாட்டாள். மாதா மாதம் அதே ஒரு வரி. சிரித்துக்கொண்டு எழுதினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது: "இந்த மாசமும் இல்ல, அல்லே அக்கா?"

நிலவு

பிறகு ஒரு நாள், நிலவுக்கு நம் நாடே கலம் அனுப்பப் போகிறது என்ற செய்தி வந்தது. முதல் பக்கத்துக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டாம் பக்கத்துக்கும் அதிலிருந்தே ஒன்று கிடைத்தது: கலத்தின் ஒரு கருவி அனுப்பும் தகவலை ஆராய ஆள் தேவை. வயது வரம்பு இல்லை. ஏன் இல்லை என்றால், நிரந்தரம் இல்லை. திட்டம் முடிகிற அன்று வேலையும் முடியும். சம்பளமும் கம்பெனியில் வாங்குவதில் பாதி வருமா என்பது சந்தேகம். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், கோமதி இதைப் பார்த்துக் கம்பெனியை விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

பயந்தபடியே அந்தச் சனிக்கிழமை கோமதி வலியசாலைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன். இந்த மடலை நடத்தியவள், வேலைக்கு ஆள் சேர்ப்பதற்காகவே வருஷக்கணக்கில் டைப் அடித்தவள், அன்று வேலையே வேண்டாம் என்று வாதாடினேன். "இது நாளைக்கே கிளம்பற காரியம் இல்லே, கோமதி. நாலஞ்சு வருஷம் ஆகும். கிளம்பாமலே போனாலும் போகலாம். கிளம்பினது வழியிலே நின்னாலும் நிக்கலாம். அதை நான் உனக்குச் சொல்லணுமா? கையிலே இருக்கறதை விட்டுட்டு வராதே."

அவள் காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு எங்கப்பா ஒண்ணு கேட்டாங்கல்லா அக்கா, அதுவரைக்கும் கடைய எப்படி நடத்துவீகன்னு. நீங்க ஒருத்தரும் பதில் சொல்லல. நானும் இத்தன வருசமா கம்பெனி பஸ்ல உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆரியசாலைப் படியில் நின்ற அதே முகம், இப்போது அழுகை இல்லை. "எப்படி நடத்துறதுன்னு இப்பவும் தெரியல. சரக்கு வருமாங்கறதும் தெரியாது. ஆனா வர்ற அன்னைக்குக் கடை பூட்டிக் கெடக்கக் கூடாதுல்லா."

நாலஞ்சு வருஷம் கழித்து நிலவிலிருந்து சரக்கும் வந்தது, கோமதியின் கடையும் திறந்திருந்தது, அந்த ஒரு மாதம் எல்லோரும் மடலை முதல் பக்கத்திலிருந்து படித்ததில் இரண்டாம் பக்கத்திலிருந்த நல்ல வேலை ஒன்று யார் கண்ணிலும் படாமலே காலாவதியாகிப் போனது.