சதுர ஓரத்துக்காக நாற்பத்திரண்டு கலியாணம்

உருத்திரபுரத்தில் கலியாணவீட்டு நேரலைப் படம் உடைந்தால் திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறாள். பெயர் தாட்சாயினி, வயது இருபத்தொன்பது. கிழமை நாட்களில் கிளிநொச்சியில் ஒரு சின்னக் கம்பனியில் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் எழுதுவாள். சனி ஞாயிறுகளில் அதே மென்பொருளை மண்டபங்களுக்குத் தூக்கிக்கொண்டு போய், வெளிநாட்டுச் சொந்தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

போன வைகாசியில் ஒரு கலியாணம். கெட்டிமேளம் கொட்ட, முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் அட்சதையாக அறுகரிசி எறிந்தார்கள். படம் சதுரம் சதுரமாகப் பிய்ந்தது. பாரிசிலிருந்த பெரியம்மா ஒருத்தி உடனே அழைத்தாள். "பிள்ளை, மாப்பிள்ளை தாலி கட்டினவரோ, இல்லாட்டிப் பொம்பிளையின்ரை தலையைக் கழட்டினவரோ?"

தாட்சாயினி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துத் தின்றாள். அது வேறு கதை.

விஷயம் இதுதான். முழுப் படத்தையும் ஒவ்வொரு தடவையும் அனுப்ப அந்த ஊர் இணைப்புக்குச் சீவன் இல்லை. அதனால் படத்தைச் சதுரங்களாக வெட்டி, 'இந்தச் சதுரம் முந்தின படத்தில் அங்கே இருந்தது, இவ்வளவு நகர்ந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லியனுப்புவார்கள். ஒரு சதுரத்துக்கு ஒரே நகர்வுதான். சதுரத்தின் நடுவில் அந்தக் கணிப்பு ஓரளவு சரியாக இருக்கும். ஓரத்தில்தான் வினை. பாதிச் சதுரம் குனிகிற கழுத்து, மீதிப் பாதி மேலே போகிற மாலை என்றால், அது எந்தப் பக்கம் போகும்? ஒரு பக்கம் போய்விடும். மற்றப் பக்கம் படிக்கட்டு மாதிரி உடைந்து நிற்கும்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அருந்ததி அழைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் போனவள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. பதினாறு வயதில் விட்டுப்போன ஒரே மகள் நிரோஜாவுக்கு ஆவணியில் கலியாணம்.

"எனக்கு மண்டபமும் வேண்டாம், சாப்பாட்டுப் பந்தியும் வேண்டாம்," என்றாள் அருந்ததி. "தாலிக்கொடி கழுத்திலை ஏறிப் பின்னாலை பூட்டு விழுறதை மட்டும் நான் வடிவாப் பாக்கவேணும். செய்வியோ பிள்ளை?"

"ஓம் அன்ரி," என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் மூளை முழித்தது.

கம்பனி நடத்தும் கிருசாந்தனுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. "ஓரத்தை நீர் கொஞ்சம் மங்கலாக்கி மெழுகிவிடும். உடைஞ்சது தெரியாது."

"மெழுகினால் உடைஞ்சது மட்டுமோ போகும்? இருக்கிறதும் போகும்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் எடுத்த வழி வேறு. ஓரத்துப் புள்ளிக்குச் சொந்தச் சதுரத்தின் நகர்வை மட்டும் நம்பாமல், பக்கத்துச் சதுரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டு, இரண்டையும் கலந்து கணிப்பது. சோதித்துப் பார்க்கக் கலியாணம் வேண்டும். ஆடி மாதம், ஊரில் முகூர்த்தம் இல்லை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அப்பா செல்வநாயகம் வயலில் இருந்து வந்து காலைக் கழுவமுன்னரே மாப்பிள்ளையாக்கப்பட்டார். தாலிக்கொடிக்கு ஆடு கட்ட வாங்கிய மஞ்சள் நைலோன் கயிறு. அறுகரிசிக்குக் கோழிக்கு வைத்திருந்த குறுணல்.

"குனியும்," என்றார் செல்வநாயகம்.

"முப்பத்தொரு வருசமாக் குனிஞ்சபடிதான்," என்றாள் அம்மா சிவனேஸ்வரி. "கயிறு ஒண்டுதான் குறை. அதுவும் வந்திட்டுது."

முதல் நாள் பதினொரு தரம் கட்டினார். குறுணலைக் கண்ட கோழிகள் அழையாமலே கலியாணத்துக்கு வந்தன. வந்த படத்தைப் பார்த்தால், சிவனேஸ்வரியின் சேலைக்கரையும் கோழியின் வாலும் ஒன்றாக உருகி ஓடின. தாட்சாயினி பக்கத்துச் சதுரத்தின் பேச்சுக்குச் சரிபாதி இடம் கொடுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதற்கெல்லாம் அவ்வளவு மதிப்புக் கொடுத்தால் எந்தக் குடும்பம் உருப்படும்?

அடுத்த கிழமைகளில் திருத்தினாள். ஓரத்துக்குக் கிட்டப் பக்கத்துச் சதுரத்துக்குக் கொஞ்சம் செல்வாக்கு, உள்ளே போகப் போக அதுவும் இல்லை. அதோடு அனுப்புகிற பக்கத்தில் உண்மையான படம் கையில் இருக்கிறதல்லவா? கலந்து பார்த்துப் பிழை குறைந்தால் கல, கூடினால் விடு என்று ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அரிசி மழைக்குள் அகப்பட்ட சதுரத்தின் பேச்சை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது தரம் கட்டியபோது கயிற்று முடிச்சின் முறுக்குக்கூடத் தெரிந்தது. "இனிக் கட்டச் சொன்னால் நான் சந்நியாசம் போயிடுவன்," என்றார் செல்வநாயகம். சிவனேஸ்வரி கயிற்றைக் கழற்றி ஆட்டுக்குக் கட்டினாள்.

ஆவணி வந்தது. தாட்சாயினி எழுதிய செயலியை அருந்ததி முதல் நாளே தன் கணினியில் போட்டுவைத்திருந்தாள். மண்டபத்தில் அவ்வளவு பேரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்ததில் இணைப்பு நூலாக இழுபட்டது. தாட்சாயினி மணவறைக்குப் பின்னால், பொம்பிளையின் முதுகுப் பக்கமாகக் கமராவை வைத்துவிட்டு, மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம். அரிசி கொட்டியது. தோழி பின்னலையும் மாலையையும் சேர்த்துத் தூக்க, மாப்பிள்ளை கொடியைப் பூட்டினான். ஒரு சதுரமும் உடையவில்லை.

சாப்பாட்டுக்கு முதலே அருந்ததியை அழைத்தாள். 

"அன்ரி, பூட்டு வடிவாத் தெரிஞ்சதோ?"

"பூட்டை ஆர் பிள்ளை பாத்தது?" என்றாள் அருந்ததி. "பின்னலைத் தூக்கேக்கை பிடரியிலை அந்த மச்சம் தெரிஞ்சுது. மயிர்க்கரையிலை. சின்னனிலை குளிக்க வார்க்கேக்கை ஊத்தையெண்டு தேய்ச்சு அவளை அழப்பண்ணினனான். ஒன்பது வருசமா வீடியோக் கோலிலை முகத்தைத்தான் காட்டுறாள். மச்சம் எந்தப் பக்கம் எண்டே மறந்துபோனன், பிள்ளை. இடப் பக்கம்."

தாட்சாயினி பதிவைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். கழுத்தும் கூந்தலும் சேருகிற இடத்தில், சரியாக இரண்டு சதுரங்களின் எல்லையில், எள்ளளவு கறுப்பு. மெழுகியிருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும்.

மூன்று மாதமாக ஒரு பூட்டுக்காக மண்டையை உடைத்தவள், அதைப் பார்க்கவேயில்லை என்று சொன்ன மனுசி மேல் தனக்கு வந்தது கோபம்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். கோபத்துக்கு எதற்குக் கண்ணைத் துடைத்து மூக்கைச் சீறினாய் என்று சிவனேஸ்வரி கேட்டால் மட்டும், கோழிக்குக் குறுணல் போட எழும்பிப் போய்விடுகிறாள்.