நாலு கதிர் விளக்கு

என் அலமாரியில் ஒரு வெள்ளிக் காசு கிடக்கிறது. அதில் குத்துவிளக்கு, சுடரைச் சுற்றி நாலு கதிர். ஐந்து இருக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்பத்தூரில் பரிசுக் காசு அடிக்கும் பட்டறையில் அப்போது எனக்கு டை மெருகேற்றும் வேலை. டை என்றால் காசில் உருவம் பதிக்கும் எஃகு அச்சு. அடிக்க அடிக்க அதன் முகம் தேயும், கீறல் விழும். வைரப் பசை தடவித் தேய்த்தால் கீறல் போய்விடும். ஆழமில்லாமல் வெட்டிய மெல்லிய கோடுகளும் கூடவே போய்விடும். அந்த விளக்கு டை இனித் தாங்காது, வேறு வெட்டுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "இன்னும் ஒரு தபா தேச்சு வுடு நைனா, ஆர்டர் போவட்டும்" என்றார் ஃபோர்மேன். தேய்த்தேன். இடது ஓரக் கதிர் காசில் விழவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். "இத்த எவன் எண்ணிப் பாக்கப் போறான்?" என்றார்.

எண்ணிப் பார்த்தார்கள். காசு வாங்கிய கம்பெனி, போலி என்று திருப்பி அனுப்பியது. ஒரு காசைத் தராசில் வைத்திருந்தால் எடை மாறவில்லை என்று தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை எங்கள் முதலாளி, புண்ணியவான்! நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வந்துபோகும் பேக்கிங் அக்கா நல்ல காசை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டாராம். ஷிஃப்ட் விடும் நேரத்தில், கேட்டில், எல்லோர் எதிரிலும் அவர் பையைக் கவிழ்த்தார்கள். டிபன் டப்பா, சீசன் டிக்கெட், பாதி கடித்த கொய்யா. "நான் எடுக்கலைங்க" என்று ஒரே தடவை சொன்னார் அக்கா. ஃபோர்மேன் என் காதருகே, "வாயத் தொறந்த, உன் வேலையும் பூடும்" என்றார். ஊரெல்லாம் வம்பு பேசும் நான் அன்று வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, திரும்பி வந்த அதே காசுகளைத்தான் எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தார் முதலாளி. சுத்த வெள்ளி என்று பெருமை வேறு. என்ன நெஞ்சழுத்தம்! நானும் கை நீட்டி வாங்கினேனே, என்னை எதால் அடிப்பது?

போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"டைய தேச்சது நீதான்னு அன்னிக்கே தெரியும் தம்பி. நீ சொல்லுவேன்னுதான் கேட்டாண்ட உன் மூஞ்சியையே பாத்துகினு நின்னேன்."

சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்.

இத்தனை வருஷமாக முதலாளியையும் ஃபோர்மேனையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்து அக்கா நிற்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து காசை எடுத்து, பைத்தியக்காரனைப் போல மறுபடி எண்ணினேன். நாலுதான்.