மே மாதத்தில் கம்பளிச் சட்டை

என் அண்ணன் கிருபாகரனின் மனைவி கிரேசி மைனி முத்தையாபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளைக் கூட அதட்டிப் பேசாதவர். கல்யாணப் பந்தியில் இலைக்குச் சாம்பார் வராவிட்டால், கேட்காமலேயே எழுந்து கை கழுவிவிடுவார். அவருக்குக் கோபமே வராது என்று எங்கள் வீட்டில் பல வருடம் நம்பியிருந்தோம். வரும். ஒரு காரியத்துக்கு மட்டும் வரும்.

சாத்தான்குளத்தில் பிறந்த மைனி, அப்பா இறந்த பிறகு ஒரு விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெளிநாட்டில் இருந்து கவுன் வரும். பிள்ளைகளை அதைப் போட வைத்து, சிரிக்கச் சொல்லி, அனுப்பியவர்களுக்காகப் படம் எடுப்பார்கள். படம் எடுத்ததும் கவுனைக் கழற்றி வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் அதே கவுனில் வேறொரு பிள்ளை சிரிக்கும். இதை மைனி என்னிடம் ஒரே ஒரு முறை, கறிவேப்பிலை உருவிக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக் கதைபோலச் சொல்லியிருக்கிறார்.

நான் இருப்பது அயர்லாந்தில், கார்க் நகரத்தில். மகன் கிளைட்டனுக்கு மூன்று வயது. அவனுக்குப் பத்தாமல் போன சின்னத் துணிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எங்கள் தெரு முனையில் துணி போடுவதற்கென்றே ஓர் இரும்புப் பெட்டி உண்டு. போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போடுகிற துணியில் பாதி மூட்டை மூட்டையாக விற்கப்பட்டு, எங்கேயோ ஒரு கடற்கரையில் குப்பையாகக் கிடக்கிறது என்று படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இங்கிலீஷில் படித்தது போதாதென்று தமிழிலும் தேடிப் படித்தேன். ஊருக்குக் கொண்டுபோனால் நேரே ஒரு பிள்ளையின் உடம்புக்குப் போகும் என்று முடிவு செய்தேன்.

ஊரில் செல்வதுரை அண்ணாச்சி ஒரு டிரஸ்ட் நடத்துகிறார். போனில் கேட்டேன். "கொண்டாம்மா. ஒவ்வொரு தாய்க்கும் கையில குடுப்போம்" என்றார். அந்தக் 'கையில' எனக்குப் போதுமாக இருந்தது.

நான் பெட்டியைத் திறந்து காட்டியபோது மைனி ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க கேட்டாங்களா?"

"தேவைப்படுறவங்களுக்குத்தான மைனி?"

"அதான், கேட்டாங்களான்னு கேக்கேன்." பிறகு ஒரு கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். உடம்பு முழுவதும் மூடுகிற நீலச் சட்டை. தலைமூடியில் இரண்டு கரடிக் காதுகள். "இது யாருக்குளா? தூத்துக்குடியில எவன் வீட்டுல பனி பெய்யுது?"

நல்ல துணி, தூக்கிப் போட மனசில்லை என்றேன். மைனி மடித்து வைத்துவிட்டார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் விழா. வாசலில் ஆள் உயரத்துக்கு என் முகம். 'அயர்லாந்து வாழ் தொழிலதிபர்' என்று போட்டிருந்தது. நான் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைப்பிள்ளைகளோடு தாய்மார்கள் காலையில் இருந்து உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் திருநெல்வேலியில் இருந்து வர வேண்டும். "புதுக்கோட்டை தாண்டிட்டாராம்" என்று, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற பக்கத்து ஊரைச் சொல்லி, மைக்கில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள்.

என் பெட்டியில் இருந்த துணிகளில் சிலவற்றை ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். படத்துக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்று முதலில் எடுத்தது கம்பளிகளை. விருந்தினர் வருவதற்குள் அண்ணாச்சி தன் போனில் சில படங்களும் எடுத்திருந்தார்.

முன்வரிசையில் ஒரு பெண் அழுகிற பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பெயர் அல்போன்சா, ஊர் தருவைகுளம். கணவன் மரியான் விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நின்றது. பிள்ளைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரடிக் காதுகளுக்கு நடுவில் அதன் முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"பிள்ளைக்கு வேக்காடு எடுக்குல்லா, கழத்து" என்றார் மைனி.

"கழத்தக் கூடாதாம் டீச்சர். பெரியவர் வந்து படம் எடுத்த பொறவுதானாம். இப்பக் கழத்துனா சாமான் பை கிடையாதுன்னு சொல்லுதாங்க."

பையில் சோப்பும் பவுடரும் ஊட்டச்சத்து மாவும் இருந்தன. அதற்காக அவள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

மைனி யாரிடமும் கேட்கவில்லை. குனிந்து ஜிப்பை இழுத்துச் சட்டையை உரித்து எடுத்தார். முதுகு முழுக்க வேர்க்குரு. முந்தானையால் விசிறினார். பிள்ளை விக்கி விக்கி அடங்கியது. பிறகு சட்டையைக் கையில் பிடித்தபடி மேடை ஏறினார்.

"அண்ணாச்சி, இத நீங்க கொஞ்ச நேரம் போட்டுட்டு இருங்க."

செல்வதுரை அண்ணாச்சி சிரித்தார். "டீச்சர் தமாஷ் பண்ணுதாங்க."

"ஒடம்புக்குப் பத்தலன்னா தலைக்காவது மாட்டுங்க. காது நல்லா இருக்கு."

நாற்காலிகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து சொமந்துட்டு வந்திருக்கு. பெரியவர வச்சு ஒரு படம்கூட எடுக்கலன்னா அதுக்கு என்ன மரியாத? உங்க வீட்டுப் பேருதான போர்டுல நிக்கி?"

மைனி என்னைப் பார்த்தார்.

"நான் படம் கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

"நீ கேக்க மாட்டம்மா. நாங்கதான் செய்யணும்."

"பெத்தவ தம் பிள்ள சட்டையக் கழத்தப் பயந்துட்டு இருக்கா" என்றார் மைனி. குரல் உயரவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது. "ஒரு சோப்பக் குடுத்துட்டுப் பிள்ளைய அடமானம் பிடிக்கீங்களா?"

"எல்லாம் நல்ல எண்ணத்துலதான் டீச்சர்..."

"எண்ணத்த யாரு கேட்டா? போன எடுங்க. இதுவரை எடுத்த படத்தையெல்லாம் அழிங்க."

"சரி சரி, அழிச்சிருதேன்."

"இப்ப. நான் நிக்கேன்."

அழித்தார். "அழிச்சது போயி ஒரு எடத்துல கெடக்கும்லா, அதுலயும் அழிங்க" என்றார் மைனி. அதையும் அழித்தார். "குரூப்புல போட்டாச்சா?" ஒன்றே ஒன்று போட்டிருந்தார். அல்போன்சாவின் பிள்ளைதான். அதுவும் போயிற்று. மைனி மைக் பக்கம் திரும்பி, பை வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், துணி வேண்டியவர்கள் பார்த்து எடுக்கலாம், வேண்டாதவர்கள் சும்மா போகலாம் என்றார். யாரும் தடுக்கவில்லை.

சிலர் கம்பளியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அல்போன்சா பெட்டிக்குள் நிதானமாகப் பார்த்தாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுச் சட்டைகளை ஒதுக்கிவிட்டு, துவைத்துத் துவைத்து நூலாகிப்போன ஒரு பருத்திச் சட்டையை எடுத்தாள்.

"இது யாரு பிள்ள போட்டது?"

"என் மகன்."

"சீக்கு கீக்கு இல்லாம நல்லா இருக்கானா?"

"இருக்கான். வீட்டத் தலகீழாக்குதான்."

"அப்பக் குடுங்கக்கா."

எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கு முதலில் போட, நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சட்டையைச் சொந்தக்காரர் வீட்டில் கேட்டு வாங்குவார்கள். கேட்பதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. கொடுக்கிற வீட்டுக்கு அது பெருமை. அந்த உரிமையோடுதான் அவள் கேட்டாள். அந்த ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு பருத்திச் சட்டைகளும் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

மிஞ்சிய கம்பளிகளை மைனி பெட்டியில் அடுக்கினார். "இத நீயே கொண்டு போ. அங்கன குளிருத பிள்ள இருக்கும்லா? பெத்தவகிட்டக் கேட்டுட்டுக் குடு."

அன்று சாயங்காலமே டிரஸ்ட் குரூப்பில் பொருமல் தொடங்கியது. விருந்தினர் வந்தபோது காலி நாற்காலிகள்தான் இருந்தனவாம். கிரேசி டீச்சர் அடுத்த கூட்டத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மைனி பதில் போட்டார்: 'வாரேன். அல்போன்சாவையும் கூட்டிட்டு வாரேன். மொதல்ல நீங்க அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. பொறவு நான் உங்ககிட்டக் கேக்கேன்.'

நான் கார்க் திரும்பி வந்தாயிற்று. அந்தக் கூட்டம் இன்னும் கூடவில்லை.