ஏழாம் படிக்கு ஒரு வாய்

“ஏழாவது, சார், ஏழாவது! காலைச் சுவர்ப் பக்கமா வைங்க!”

பல் டாக்டரிடம் வந்தவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி நடுவில் நின்றுவிட்டார். எது ஏழாவது என்று அவருக்குப் புரியவில்லை. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே விரலால் காற்றில் படிகளை எண்ணிக் காட்டினார். “கன்னம் வலிக்குதுன்னு கன்னத்தையே நினைச்சுக்கிட்டு ஏறாதீங்க. ஒரு நிமிஷம் காலை நினைங்க.” வந்தவர் எண்ணி எண்ணி ஏறி, ஏழைத் தாண்டி, பரீட்சையில் பாஸான முகத்தோடு திரும்பிப் பார்த்தார். அதற்குள் வாட்ச்மேன் அடுத்த ஆளுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

மூன்று மாடிக் கட்டடம். கீழே ஜெராக்ஸ் கடை. முதல் மாடியில் பல் டாக்டரும் தையல் கடையும். இரண்டாவதில் கம்ப்யூட்டர் வகுப்பு. மூன்றாவதில் ஒரு பூட்டு, நிறைய புறா. தெருவிலிருந்து முதல் மாடிக்கு நேராக ஏறும் பதினாறு படிகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ இரும்பு பீரோ தூக்கிக்கொண்டு போனபோது ஏழாம் படியின் விளிம்பு நாலு விரல் அகலத்துக்குப் பெயர்ந்தது. அந்தத் துண்டு விழுந்து தொலைத்திருந்தால் கண்ணிலாவது படும். அது விழவில்லை. மேலே டாக்டர் பிடுங்கும் பல் மாதிரி ஆடிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் நல்ல படி. மிதித்தால்தான் அதன் குணம் தெரியும்.

அன்றிலிருந்துதான் வாட்ச்மேன் கத்த ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகள் இவருக்கு ‘ஏழரை’ என்று பெயர் வைத்தார்கள். ஏழு படியாம், மிச்சம் அரை இவராம். பெயர் வைத்ததோடு விட்டார்களா? வேண்டுமென்றே ஏழாம் படி பக்கத்தில் புத்தகப் பையைப் பொத்தென்று போட்டுவிட்டு “ஐயோ அம்மா” என்று கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் ஏழரை, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் ஓடி வருவார். சிரிப்பார்கள். “எரும மாடுங்களா, நிஜமா விழுந்தா ஒருத்தனும் நம்ப மாட்டான், பார்த்துக்கங்க” என்று திட்டிவிட்டுத் திரும்பிப் போவார். மறுநாள் பை விழுந்தாலும் ஓடி வருவார். ஒரு நாள்கூட நடந்து வந்ததில்லை.

ஆளுக்கு ஒரு குரல் வைத்திருந்தார். போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அதட்டல். வயதானவர்களுக்குக் கெஞ்சல். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்களுக்குக் குரலே கிடையாது. தானே போய் அந்த ஆடும் துண்டின் மேல் நின்றுகொண்டு, “இந்தப் பக்கம் வாங்கம்மா” என்பார். இறங்கி வருகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். மேலிருந்து எண்ணினால் அது பத்தாம் படி. இவர் ஏழு என்பார். “நான் கீழேயிருந்து எண்ணுறேன், நீங்க பாட்டுக்கு இறங்குங்க” என்று விளக்கம் வேறு. கால் சத்தத்தை வைத்தே எந்த மாடி ஆள், அவசரமா, சாவகாசமா, கையில் சுமை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

இரண்டு வருஷத்தில் ஒரு ஆள் விழவில்லை. இதை அவர் சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் சொல்வார். “என் வாயாலதான் அந்த பில்டிங் நிக்குது.”

“ஆமா, வாயை வாடகைக்கு விட்டிருக்கீங்க. வீட்டுல பேச ஒண்ணும் மிச்சமில்ல” என்பார் மனைவி.

கட்டடத்துச் சொந்தக்காரர் மாதத்தில் ஒரு நாள் வருவார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை. முதல் வருஷம் முழுக்க ஏழரை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “ஓனர், ஒரு சட்டி சிமெண்ட் போட்டா முடிஞ்சிரும்.” ஓனர் படியைப் பார்ப்பார், மோட்டாரைப் பார்ப்பார், மொட்டை மாடியைப் பார்ப்பார். கடைசியில் ஏழரையின் தோளைத் தட்டுவார். “அதான் நீ இருக்கியேப்பா.”

இந்த வார்த்தைதான் இவரைக் கெடுத்தது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இரண்டாம் வருஷம் கேட்பதையே விட்டுவிட்டார். ஒரு தடவை பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனார் மிச்சக் கலவையோடு வந்து, “அண்ணே, அரை மணி நேர வேலை, சும்மாவே பூசிட்டுப் போறேன்” என்றார். ஏழரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஓனரைக் கேக்காம கை வைக்கக் கூடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஓனரைக் கேட்கவும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார். படி சரியாகிவிட்டால் அப்புறம் அவர் யார்? கேட்டைத் திறந்து மூடுகிற ஒரு ஆள். அவ்வளவுதானே.

தையல் கடைக்காரம்மா எட்டு வருஷமாக அதே மாடியில் இருப்பவர். எல்லாருக்கும் டெய்லரம்மா. புருஷன் இல்லை, காலேஜில் படிக்கும் ஒரு மகள், அந்த வலது கை, அந்த மிஷின், இவ்வளவுதான் குடும்பம். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேசும் வித்தை அவருக்குத் தெரியும். அவருக்கும் ஏழரை தினமும் ஆறு தடவையாவது ஏழாம் படியை ஞாபகப்படுத்துவார். அவரும் “சரிண்ணே, சரிண்ணே” என்று போய்க்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் இரண்டு புது வாடிக்கையாளர்களைக் கீழே வரை கொண்டுவந்து விட்டார் டெய்லரம்மா. ஏழரை ஆரம்பித்தார். “டெய்லரம்மா, ஏழாவது...” அவருக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ. “அண்ணே, எட்டு வருஷமா இதுல ஏறி இறங்குறேன், எனக்கே பாடமா? சுவிட்ச் இல்லாத ரேடியோ மாதிரி! கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்.” வந்தவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரனும் சிரித்தான்.

ஏழரையும் சிரித்துவைத்தார். ஆனால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. “ரேடியோவாம்ல” என்று சோற்றைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை மேலேயிருந்து கால் சத்தம் வந்தது. டெய்லரம்மாதான். கையில் சுமை. பள்ளிக்கூடச் சீருடைகளை மடித்து அடுக்கி, மோவாய் வரைக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். காலடி அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஏழரைக்குத் தெரிந்தது. மேலிருந்து மூன்று, நாலு, ஐந்து. சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினார். மூடச் சொன்னீங்களே, மூடிட்டேன். ஆறு, ஏழு, எட்டு. கடைசி நொடியில் வாயைத் திறந்தார். அதற்குள் துண்டு ஆடிவிட்டது.

நீலமும் வெள்ளையுமாகத் துணிகள்தான் முதலில் வந்து விழுந்தன. அப்புறம் அவர் வந்தார், வலது கையைக் கீழே ஊன்றியபடி.

தூக்கியது ஏழரைதான். ஆட்டோ பிடித்ததும் அவர்தான். வழியெல்லாம் அழுதார். எவ்வளவு இளகிய மனசு என்று ஜெராக்ஸ் கடைக்காரன் நாலு பேரிடம் சொன்னான். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு. “பழையபடி கத்திரி பிடிக்கிறது சந்தேகம்தான்” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மாவுக்கட்டோடு படுத்திருந்த டெய்லரம்மா இவரைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: “அண்ணே, நீங்க சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க.”

அந்த வார்த்தை போதாதா? ஏழரை வாங்கிப் போன பழப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். மனைவி பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பையை வாங்கி உள்ளே வைத்தார். அதன் பிறகு படியில் யார் வந்தாலும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, காதோடு காதாகச் சொன்னார். கத்த முடியவில்லை. பிள்ளைகள் பையைப் போட்டுப் பார்த்தார்கள். ஓடித்தான் வந்தார், ஆனால் திட்டவில்லை. ‘ஏழரை’ என்று கூப்பிடுவதில் சுவாரசியம் போய்விட்டது, அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

படியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். ஓனர் ஓடி வந்து அவிழ்த்தார். “அறிவிருக்கா? அந்தம்மா மக புகார் எழுதிப் போட்டிருக்கா. துணி கட்டினா படி கெட்டதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி.” அப்புறம் குரலைத் தணித்துத் தோளில் கை போட்டார். “இங்க பாரு. ஆய்வுக்கு வர்றாங்க. நீ சொன்னே, அந்தம்மா கேக்காம இறங்கினாங்க. அவ்வளவுதான். தினமும் சொல்றவன்தானே நீ? அது பொய்யா? வழக்கம்.”

“அவங்க கை போச்சு ஓனர்...”

“உன் வேலை போகாம பார்த்துக்க.”

பத்தாம் நாள் கட்டட ஆய்வு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு அம்மா. ஏழாம் படி முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயர்ந்த துண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். இடைவெளியில் பேனாவை நுழைத்தார். பேனா உள்ளே போனது. டெய்லரம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டு, கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியை யாரோ அவசரமாக முடிந்துவிட்டிருந்தார்கள்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“இப்பதான் மேடம், கொஞ்ச நாளா...” என்றார் ஓனர்.

“ரெண்டு வருஷம்மா” என்றார் ஏழரை. ஓனர் திரும்பி முறைத்தார்.

அதிகாரி தாளை முழங்காலில் வைத்துக்கொண்டார். “வர்றவங்களுக்கு நீங்கதான் எச்சரிக்கை சொல்வீங்களாமே.”

“தினமும் சொல்வேன்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அன்னிக்குச் சொன்னீங்களா?”

ஓனர் இருமினார். ஏழரையின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. கஷ்டப்படுகிறாரே என்று டெய்லரம்மாதான் கை கொடுத்தார். “சொல்லியிருப்பார் மேடம். அவர் சொல்லாம இந்தப் படியில ஒரு ஆள் ஏறினதில்ல. நான்தான் கவனிக்கல. பாவம், அண்ணன் மேல எதுவும் எழுதிராதீங்க.”

“சொல்லல.”

முதல் தடவை சத்தமே வரவில்லை. மேல்மாடி வரை கேட்கிற குரல் அது. இப்போது பக்கத்திலிருந்த அதிகாரியே “என்ன?” என்று காதைக் கொடுத்தார்.

“சொல்லலம்மா. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். முதல் நாள் நாலு பேர் முன்னால வாயை மூடுன்னாங்க. அந்தக் கோவம். விழணும்னு நினைக்கல, சத்தியமா. லேசா தடுமாறட்டும்னு நினைச்சேன்.” தரையைப் பார்த்தே பேசினார். “ஒரு கொத்தனார் வந்தாரு. சும்மாவே பூசித் தர்றேன்னாரு. அவரையும் நான்தான் அனுப்பிச்சேன்.”

முதலில் பேசியது ஓனர். அவர் முகத்தில் வெளிச்சமே வந்துவிட்டது. “பார்த்தீங்களா மேடம்? அவன் வாயாலேயே சொல்லிட்டான். வாட்ச்மேன் தப்பு! இதுல பில்டிங் எங்க வந்தது?”

“அவர் பேசாம இருந்தது அவர் தப்பு. படி உடைஞ்சு கிடந்தது உங்க தப்பு. ஒண்ணைப் போட்டு இன்னொண்ணைத் துடைக்காதீங்க.” அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். “ரெண்டு வருஷமா சிமெண்ட் போட வேண்டிய இடத்துல ஒரு ஆளைப் போட்டு வச்சிருக்கீங்க சார். ஆளுன்னா கோவம் வரும், தூக்கம் வரும். இன்னிக்கே படியைப் பூசி அடைங்க. வைத்தியச் செலவுக்கும் அந்தம்மா வேலையில்லாம உட்கார்ந்திருக்கிற நாளுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். நோட்டீஸ் வரும்.”

ஓனர் தோல் பையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். “நாளையிலேருந்து வராதே” என்று ஏழரையிடம் பல்லைக் கடித்துச் சொன்னார். ஏழரை தலையை ஆட்டினார். அது பெரிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை. அவர் டெய்லரம்மாவைத்தான் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். பார்வை அந்தம்மா செருப்பு வரைக்கும் போனது, அதற்கு மேல் ஏறவில்லை.

டெய்லரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்தார். கடையில் அளவு நோட்டு இருக்கிறது, யார் யார் துணியைத் திருப்பித் தர வேண்டும் என்று பார்க்க வேண்டும். மாடிப்படியை நோக்கி நடந்தார்.

ஏழரை முந்திக்கொண்டு ஏறினார். உடைந்த பக்கமாக, ஆடும் துண்டின் மேல் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. அவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டினார்.

டெய்லரம்மா ஆறாம் படியில் ஒரு கணம் நின்றார். நீட்டிய கையைப் பார்த்தார். இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்து, சுவரோடு சுவராக உரசிக்கொண்டு, அவரைக் கடந்து ஏறிப் போனார். மேலே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. ஒற்றைக் கையால் ஷட்டரைத் தூக்கும் சத்தம், இரண்டு முறை நின்று நின்று கேட்டது. அது வரைக்கும் ஏழரை கையை மடக்கவே இல்லை.