அத்தை வட்டம் போட்ட லேப்டாப்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எதையும் கண்ணால் மட்டும் பார்க்கமாட்டாள். கதவோ, பேருந்துக் கம்பியோ, புது டம்ளரோ, எதுவானாலும் அவளுடைய கட்டைவிரல் ஒரு சுற்று போய்வர வேண்டும். ஒருமுறை அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்த அத்தை, "அண்ணே, சூடு குறைஞ்சிடுச்சு. ஆனா இடது பக்கம் லேசா பள்ளம் இருக்கே, எங்கயாவது விழுந்தியா?" என்று கேட்டாள்.

"விழல. நீ ஆறு வயசுல ஸ்லேட்டால அடிச்சது" என்றார் அப்பா.

அவள் வேலை அப்படி. பாத்திரத் தொழிற்சாலையில் அலுமினிய மூடிகளைச் சோதிக்கும் மேஜையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மூடியை எடுத்து ஒரு சுற்று தடவுவாள். பள்ளமோ நெளிவோ தட்டுப்பட்டால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அங்கே வட்டம் போட்டு ஒதுக்குவாள். வட்டம் போடாமல் கீழே வைத்தால் அடுத்தவர் நல்லதென்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு மூடிகளைச் சோப்புத் தொட்டியில் முக்கும்போது வட்டம் கரைந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, மேஜைக்கு மேல் கம்பியில் ஒரு மூடி தொங்கும். அதை லிமிட் மூடி என்பார்கள். அதில் இருக்கும் சின்னப் பள்ளம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் உருக்கப் போய்விடும்.

போன மாதம் அவளைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். தினமும் அறிக்கை தட்டச்சு செய்ய வேண்டும். அதனால் ஒரு லேப்டாப் வாங்கினாள். சாம்பல் நிறம், உலோக உடம்பு. அறிக்கை ஒரு சாக்குத்தான். வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள் அவள். பள்ளிச் சீருடை அக்காவுடையது, சைக்கிள் என் அப்பாவுடையது, கைபேசி என் அம்மா வைத்திருந்து கொடுத்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, வேறு யார் கையும் படாத ஒரு பொருள் அவளுக்கு வந்திருந்தது. பெட்டியைத் திறக்கும்போது என்னைக்கூடக் கிட்டே விடவில்லை.

"தள்ளி நில்லுடி. வாசனை போயிடும்."

அன்று மாலை நான் காபி எடுத்துக்கொண்டு போனபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பின் மேல்மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. மூலையில் இரண்டு பள்ளம், ஓரத்தில் ஒரு நெளிவு என்றாள். நான் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பாவும் பார்த்தார்.

"உனக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சு, போய்த் தூங்கு" என்றார்.

தூங்குவதற்கு முன்னால் அவள் கை பத்தொன்பது வருடப் பழக்கத்தைச் செய்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மேல்மூடியில் மூன்று சிவப்பு வட்டங்கள்.

பத்து நாளுக்குள் குறை இருந்தால் மாற்றித் தருவோம் என்று ரசீதில் இருந்தது. மூன்றாம் நாளே சேவை மையத்துக்குப் போனோம். டோக்கன் நாற்பத்தேழு. கவுன்ட்டர்காரர் லேப்டாப்பைத் திறந்து, நாலு பொத்தானை அழுத்தி, மூடினார்.

"நல்லா ஓடுதே மேடம்."

"ஓடுறது சரி. மூடியில பள்ளம் இருக்கு."

"அது வெறும் தோற்றம் மேடம். அழகு சம்பந்தப்பட்டது வாரன்ட்டில வராது."

"நான் என்ன இத பொண்ணு பார்க்கவா கூட்டிட்டு வந்திருக்கேன்? குறைன்னா குறைதானே?"

அவர் மூடியைத் திருப்பினார். "இந்தச் சிவப்பு?"

"நான் போட்டது" என்றாள் அத்தை, உண்மையைச் சொல்கிறோம் என்ற நிம்மதியோடு.

அவர் அதை அப்படியே கணினியில் ஏற்றி, அச்சடித்து நீட்டினார். 'மேற்பரப்பில் வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம். மாற்ற இயலாது.'

வீட்டுக்கு வந்து சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். மெழுகு போனது. ஆனால் அந்தச் சாம்பல் பூச்சு சிவப்பை உறிஞ்சியிருந்தது. மூன்று வெளிறிய வளையங்கள் அப்படியே நின்றன. இப்போது எங்கள் எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு பீஸ கூட நான் கெடுத்ததில்ல" என்றாள். லேப்டாப்பைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு அறைக்குள் போனாள். அப்பா இரண்டு தடவை அவள் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளி முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் எனக்கு வேறு என்ன வேலை? நிறுவனத்துக்குத் தினமும் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தினமும் ஒரே பதில் வந்தது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி.'

"யாருக்குடி பொறுமை இருக்கு இங்க?" என்றாள் அத்தை.

ஒன்பதாம் நாள் வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்து வந்தாள். கையில் ஒரு பை. மறுபடி டோக்கன், மறுபடி அதே கவுன்ட்டர். அத்தை பையிலிருந்து லிமிட் மூடியை எடுத்து 'ணங்'கென்று மேஜையில் வைத்தாள். வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"இது எங்க லிமிட். இவ்வளவு பள்ளம் வரைக்கும் நாங்க விடுவோம். உங்க லிமிட் எது? எடுத்துக் காட்டுங்க. அதுக்குள்ள இருந்தா நான் பேசாம போயிடறேன்."

கவுன்ட்டர்காரர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மேனேஜர் அம்மா வந்தார். "அப்படி எதுவும் எங்ககிட்ட இல்லைங்க" என்றார்.

"அப்போ எத வச்சு இது வெறும் அழகுன்னு சொன்னீங்க? கண்ண மூடுங்க. கை கொடுங்க."

என்ன தோன்றியதோ, மேனேஜர் கண்ணை மூடினார். அத்தை அவர் கட்டைவிரலைப் பிடித்து, முதலில் லிமிட் மூடியின் மேலும் பிறகு லேப்டாப்பின் மேலும் ஓட்டினாள்.

"அட!" என்றார் மேனேஜர். மறுபடி ஓட்டிப் பார்த்தார். "ஆமா, இது ஆழமா இருக்கு."

"வட்டம் என் தப்பு. அத நான் மறைக்கல. பள்ளம் உங்க தப்பு."

மேனேஜர் கணினியில் பழைய பதிவைத் திறந்து பார்த்தார். புது லேப்டாப் தர முடியாது, வட்டம் பதிவாகிவிட்டது, ஆனால் மேல்மூடியை மட்டும் தன் பொறுப்பில் மாற்றித் தரலாம் என்றார்.

"அப்போ பிரிப்பீங்களா?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது.

"பிரிக்காம எப்படிங்க மாத்தறது?"

பிரித்தால் யார் யார் கையோ உள்ளே போகும். பிரிக்காவிட்டால் அந்த மூன்று வளையங்களைத் தினமும் பார்க்க வேண்டும். அத்தை லேப்டாப்பைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'வேணாம் அத்தை, இப்படியே எடுத்துட்டுப் போயிடலாம்' என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"பிரிங்க. ஆனா நான் பக்கத்துல உட்காருவேன்."

உள்ளே ஒரு முக்காலி போட்டார்கள். மெக்கானிக் முதல் மூடியைக் கொண்டுவந்தார். அத்தை தடவினாள். "நெளிவு." இரண்டாவது வந்தது. "மூலையில பிசிறு, விரல வெட்டும்." மெக்கானிக் அலமாரியைக் குடைந்து மூன்றாவதை எடுத்து வந்து, தேர்வு முடிவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"ஆன்ட்டி, இதுதான் கடைசி. கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

அத்தை கண்ணை மூடினாள். விரல் போனது, வந்தது, ஓர் இடத்தில் நின்றது. லிமிட் மூடியை எடுத்து அதையும் தடவினாள்.

"ஒரு சின்னப் பள்ளம். ஆனா லிமிட்டுக்குள்ள" என்றாள். "மாட்டுங்க."

திரும்பும்போது பேருந்தில் அத்தை பையை மடியில் வைத்து, கையை உள்ளே விட்டிருந்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் முகம் மாறியது.

"என்ன அத்தை?"

"அடியில ஒரு ஸ்க்ரூ அரைச் சுத்து பாக்கி வச்சிருக்கான்."

"இறங்கித் திரும்பிப் போலாமா? நாளைக்கோட பத்து நாள் முடியுது."

அத்தை கையை வெளியே எடுத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எதுக்கு? நம்ம வீட்டுல ஸ்க்ரூடிரைவர் இல்லையா என்ன?"